தோல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை இல்லாமல் கதிர்வீச்சு மட்டும் போதுமா?

சிலருக்குப் போதும். கதிர்வீச்சு சிகிச்சை என்பது, ஆற்றல் மிகுந்த கதிர்களைக் கட்டியின் மேல் பாய்ச்சி, புற்றுநோய்ச் செல்களின் டிஎன்ஏவைச் சிதைப்பது. நல்ல செல்களும் அடிபடும்; ஆனால் அவை பெரும்பாலும் தம்மைச் சரிசெய்துகொள்ளும். புற்றுநோய்ச் செல்களுக்கு அந்தத் திறன் குறைவு. இரண்டு வீட்டுக் கூரையிலும் தினம் ஓர் ஓடு உடைவதாக நினையுங்கள்: இரவோடு இரவாக ஓடு மாற்றுகிறவர் வீடு நிற்கும், மற்றது இடிந்துவிடும். அதனால்தான் பெரும்பாலும் சில வாரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

இமை ஓரத்தில் மிளகு அளவு கட்டி. வெட்டினால் இமை சரியாக மூடாமல் போகலாம். இதுபோன்ற இடங்களிலும், மூக்கு, காதுமடலிலும், அறுவையைத் தாங்க முடியாத முதியவர்களுக்கும் கதிர்வீச்சு பெரிய வரம். ஆனாலும் முடிந்தவரை அறுவையே முதல் தேர்வு என்பேன்: வெட்டியெடுத்த திசுவின் விளிம்பில் நோய் மிச்சமிருக்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம், கதிர்வீச்சில் அந்த வசதி இல்லை. இளவயதினருக்குப் பொதுவாகக் கதிர்வீச்சைத் தவிர்ப்பார்கள். அதே இடத்தில் பல ஆண்டுகள் கழித்து வேறு புற்றுநோய் வரும் சிறிய ஆபத்து உண்டு. தோலுக்கு நிறம் தரும் செல்களில் தோன்றும் மெலனோமா வகைக்கு அறுவைதான் முதன்மைச் சிகிச்சை.

வெளியிலிருந்து கதிர் பாய்ச்சப்பட்டவரின் உடலில் கதிர்வீச்சு தங்காது. வீடு திரும்பியதும் குழந்தையைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம்.