அலை கீறவா, வேற கீறவா?

அன்புள்ள அக்கா,

நான் அவுஸ்திரேலியாவில் கலைவழிச் சிகிச்சை (படம், நாடகம், ஆட்டம் வழியாக மனதுக்குச் செய்யும் சிகிச்சை) முதுகலை படிக்கிறேன். அம்மாவின் ஊர் ஆரையம்பதி. எங்கள் படிப்பில் 750 மணி நேரம் களப்பயிற்சி செய்யவேண்டும். அதில் பத்துக் கிழமையை மட்டக்களப்பில் ஒரு சிறுவர் இல்லத்தில் செய்ய வந்திருக்கிறேன். மூன்று கிழமை போய்விட்டது. ஆண்டு விழாவுக்குச் சுவரில் படம் கீறுகிறேன், பிள்ளைகளுக்கு டான்ஸ் பழக்குகிறேன். கேட்டால், "அதுவும் கலைதானே மகள்" என்கிறார் மேட்ரன். கூத்தை வைத்துச் சிகிச்சை செய்யும் ஆசையோடு வந்தவள் நான். மெல்பேணில் இருக்கும் என் சூப்பர்வைசரிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சி,

மேட்ரனோடு கோபிக்காதீர்கள். அத்தனை பிள்ளைகளின் சோறு, காய்ச்சல், பள்ளிக்கூடக் கூட்டம் எல்லாம் அவர் தலையில். தூரிகையும் கையுமாக ஒருத்தி வந்து நின்றால் யாரும் சுவரைத்தான் காட்டுவார்கள். கீறிக் கொடுங்கள். ஆனால் அந்த நேரத்தைச் சிகிச்சைக் கணக்கில் எழுதவேண்டாம்.

அவரிடம் போய் "சிகிச்சை தொடங்கவேண்டும்" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. கேட்பதைக் கைக்குள் அடங்குகிற மாதிரிக் கேளுங்கள். புதன்கிழமை மூன்றரை மணி, அந்தக் களஞ்சிய அறை, ஒரு பாய், ஆறு பிள்ளைகள், இடையில் யாரும் கதவைத் திறக்கக்கூடாது. இவ்வளவுதான். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் அனுமதிக் கடிதம் உங்களிடம் இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இன்றைக்கே அதைப் பாருங்கள்.

ஒரே நாள், ஒரே அறை, ஒரே முகங்கள் என்று நான் பிடிவாதம் பிடிக்கக் காரணம் இருக்கிறது. இல்லத்துப் பிள்ளைகளிடம் வந்து போகிறவர்கள் கனக்கப் பேர். பிறந்தநாள் சாப்பாடு கொடுக்க வருவார்கள், படம் பிடிப்பார்கள், போய்விடுவார்கள். வருகிறவருக்கு என்ன பிடிக்கும் என்று அந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்து வைத்திருப்பார்கள்.

சுனாமிக்கு அடுத்த வருஷம், 2005இல், கல்லடிப் பக்கம் ஒரு முகாமில் நான் பழகுநராக இருந்தேன். முதல் நாள் பேப்பரை விரித்து வைத்ததும் ஒரு பெடியன் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான். "மிஸ், அலை கீறவா, வேற கீறவா?" எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த மாதத்தில் அவனிடம் படம் கேட்ட மூன்றாவது கூட்டம் நாங்கள். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள், அலை கீறிய பிள்ளைகளுக்குக் கலர்ப் பெட்டி கொடுத்திருக்கிறார்கள். "உனக்கு விருப்பமானதைக் கீறு" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அலையைத்தான் கீறினான். ஐந்தாவது கிழமை ஒரு சைக்கிள் கீறினான். செயின், பெல், பின் கரியர் எல்லாம் சரியாக இருந்தது. அது யாருடைய சைக்கிள் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அந்தச் சைக்கிளை விழாவில் தொங்கவிட ஒருவர் கேட்டார். கொடுக்கவில்லை. உங்களிடமும் கேட்பார்கள், பாருங்கள். ஆளுக்கு ஒரு கோவை (ஃபைல்) வாங்குங்கள், பிள்ளையே பெயர் எழுதட்டும், அலுமாரியில் பூட்டி வையுங்கள். போனில் படம் எடுக்கவேண்டாம். விழாவுக்குத் தொங்கவிட வேறாகப் படம் கீறுங்கள்.

இந்த ஊருக்கு இது புதிது என்று நினைக்கவேண்டாம். யுத்த காலத்தில், 1996இல், கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் யேசுசபைப் பாதிரியார் போல் சற்குணநாயகமும் இங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று பிள்ளைகளுக்கு ஒரு இடத்தைத் தொடங்கினார்கள். தமிழ்க் கிராமத்துப் பிள்ளைகளும் முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் ஒன்றாக வந்து களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள். ஒரு நாள் வந்து போகிற விஷயமாக அது இருக்கவில்லை, திரும்பத் திரும்ப வந்தார்கள். அதை நடத்தியவர்களில் யாரையாவது கண்டால் ஒரு பின்னேரம் இருந்து கதையுங்கள்.

பொருட்கள் பற்றி ஒரு வார்த்தை. முதல் கிழமையே தண்ணீர் வர்ணத்தைக் கொடுக்காதீர்கள். நான் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்து, கடைசியில் சுவர், சட்டை, என் தலைமயிர் எல்லாம் நீலம். பென்சிலும் பாஸ்டலும் பிள்ளையின் பிடிக்குள் நிற்கும். ஈரமான வர்ணமும் களிமண்ணும் பிடியைத் தளர்த்திவிடும். தளர்ந்தால் தாங்க நேரமும் ஆளும் வேண்டும்.

சரி, கூத்து. வடமோடியோ தென்மோடியோ, எந்த வகைக் கூத்தானாலும் சட்டம் கொடுப்பதிலிருந்து (ஆடுபவர்களுக்கு அவரவர் பாட்டைக் கொடுப்பது) அரங்கேற்றம் வரை மாதக்கணக்கில் போகும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் முதலில் ஆட்டத்தைப் பழக்குவார், சதங்கை பிறகுதான். நீங்கள் மூன்றாம் கிழமையே சதங்கை கேட்கிறீர்கள்! முழுக் கூத்தும் வேண்டாம், அதிலிருந்து வரவை, அதாவது ஒரு பாத்திரம் உள்ளே வரும் ஆட்டத்தை, மட்டும் எடுங்கள். பாயைச் சுற்றி வட்டமாக இருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் உள்ளே வந்து தான் யார் என்று சொல்லி ஒரு சுற்று ஆடட்டும். ராசாவாகலாம், காகமாகலாம், கல்முனை பஸ் கொண்டக்டராகவும் வரலாம். நாடகச் சிகிச்சையில் றொபேட் லாண்டி அழகியல் தூரம் என்று சொல்வது உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். தன் கதையைச் சொல்ல ஏலாத பிள்ளை காகத்தின் கதையைச் சொல்லும். வட்டத்தை விட்டுப் போகும்போது மட்டும் தன் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். இதை மறக்காதீர்கள்.

இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. போகிற நாளைக் கடைசிக் கிழமையில் சொல்லாதீர்கள், முதல் புதனே சொல்லுங்கள். நான் ஒரு டப்பாவில் மிச்சமிருக்கும் நாளுக்கு ஒன்றாகப் புளியங்கொட்டை போட்டு வைத்து, வரும் நாளெல்லாம் பிள்ளைகளையே ஒன்று எடுக்க விடுவேன். ஒரு தடவை மூன்று இருக்கவேண்டிய இடத்தில் நாலு இருந்தது. யார் போட்டது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, எடுத்து எறியவும் மனம் வரவில்லை. அந்தக் கிழமை சூப்பர்விஷன் முழுக்க அந்த ஒரு கொட்டையைப் பற்றித்தான் கதைத்தோம். எனக்குப் போக விருப்பமில்லை என்பது அங்கேதான் வெளியே வந்தது.

சுவர், டான்ஸ், வெட்கம் எல்லாவற்றையும் மெல்பேணுக்குச் சொல்லுங்கள். "அதுவும் கலைதானே மகள்" என்று மேட்ரன் சொன்னபோது உங்களுக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பதையும் சேர்த்து.