வேலியில் பார்த்த செங்காந்தளைத் தோண்டி வந்து வீட்டில் வைக்கலாமா?

வீட்டில் தாராளமாக வளர்க்கலாம், ஆனால் வேலியில் இருப்பதைத் தோண்டாதீர்கள். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே இதைப் பயிர் செய்கிறார்கள் (கீல்வாத மருந்தான கோல்ச்சிசின் அந்த விதையிலிருந்து எடுப்பதுதான்), அங்கே விவசாயி யாரிடமாவது கேட்டு நாலு கிழங்கு வாங்கிக்கொள்ளுங்கள். கண்வலிக்கிழங்கு என்று கேட்டால்தான் அவர்களுக்குப் புரியும்.

எனக்கு ஊர் காங்கேயம் பக்கம். எங்கள் கொரங்காட்டை, அதாவது மேய்ச்சல் நிலத்தை, சுற்றிக் கிளுவை முள்வேலி, ஐப்பசி மழை நன்றாக இறங்கிவிட்டால் அந்த முள்ளைப் பிடித்துக்கொண்டு செங்காந்தள் ஏறி வரும். தண்டுக்குத் தானாக நிற்கும் வலு இல்லை, இலை நுனியே சுருண்டு கொக்கி மாதிரி கிளையைப் பற்றிக்கொள்ளும். கார்த்திகையில் பூக்கும்போது ஆறு இதழும் மேல்நோக்கி வளைந்து, முதலில் பச்சை கலந்த மஞ்சளாக இருந்து நாளாக ஆக முழுக்கச் சிவந்துபோகும். சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால் பயிர் செய்கிறவர்கள் காலையில் ஆள் வைத்துப் மகரந்தத்தை எடுத்துப் பூவுக்குப் பூ சூல்தண்டு நுனியில் தொட்டு வைக்கிறார்கள். வேலியில் அந்த வேலையை வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் பார்த்துக்கொள்கின்றன. குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களில் முதலில் வருவது இதுதான், இன்றைக்குத் தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுதான், ஆனால் கிளுவையை வெட்டிவிட்டுக் கம்பி வேலி போடும்போது யாரும் அதை நினைப்பதில்லை. எங்கள் தெற்கு வேலி அப்படித்தான் போனது, பூவும் அதோடு போயிற்று. எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, நடுவதற்கு வருவோம். கிழங்கு கலப்பை மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும், முளை அந்த நுனியில்தான், அது ஒடிந்தால் முளைக்காது. தண்ணீர் தேங்காத மண்ணும் நல்ல வெயிலும் வேண்டும், ஏறிப் படர ஒரு செடியோ குச்சியோ பக்கத்தில் இருக்கட்டும். மழைக்காலம் முடிந்து செடி முழுக்கக் காய்ந்துவிட்டால் செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள், கிழங்கு மண்ணுக்குள் தூங்குகிறது. அப்போது தண்ணீரை நிறுத்திவிடுங்கள், அடுத்த மழைக்கு அதுவே எழும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. செடி முழுவதுமே விஷம், கிழங்கும் விதையும் ரொம்ப மோசம். கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்று உயிர்போனவர்கள் உண்டு. வாந்தியும் பேதியும் சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும் என்பதால், யாராவது தின்றுவிட்டது தெரிந்தால் அதுவரை பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாயில் எதையும் வைக்கிற வயதில் குழந்தை இருக்கும் வீடென்றால் இரண்டு மூன்று வருடம் பொறுத்தே நடுங்கள்.