ஒரே நிறம், ஒரே விதி: வயதுக்குரிய தோற்றத்துக்கு எதை வாங்குவது?

கேள்வி: எனக்கு 26 வயது. நிதி நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர்களை நேரில் சந்திக்கும் வேலை. வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், மூடிய கறுப்பு ஷூ, கட்டிய முடி, சிறிய தோடு. இதற்கு மேல் அனுமதி இல்லை. சிறிய உடலமைப்பு என்பதால் மேசைக்கு வருபவர்கள், "பயிற்சிக்கு வந்திருக்கிறீர்களா? மேலதிகாரி யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்கிறார்கள். கோட் வாங்கலாமா, பவர் இல்லாத கண்ணாடி போடலாமா, உயரமான ஹீல்ஸ் வாங்கலாமா என்று யோசிக்கிறேன். கையில் இருக்கும் தொகை குறைவு. எதில் தொடங்குவது?

பதில்: மூன்றையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். உங்கள் முதல் செலவு தையற்காரருக்குப் போக வேண்டும். எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்தும் அலுவலகத்தில் பார்ப்பவர் கண் நிறத்தில் நிற்காது, அளவில்தான் நிற்கும். சிறிய உடலமைப்பு உள்ளவர்களுக்கு ரெடிமேட் சட்டை தோளில் வழியும், கை நீண்டுவிடும், இடுப்பருகே உப்பி நிற்கும். அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளை போன்ற தோற்றம் வருவது இதனால்தான். உங்கள் முகத்தில் குறை ஏதும் இல்லை.

கடையில் முதலில் தோளைப் பாருங்கள். கையும் உடலும் சேரும் தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். ஒரு விரல் அளவு கீழே இறங்கியிருந்தாலும் அந்தச் சட்டை வேண்டாம். இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம், நீளத்தையும் குறைக்கலாம். தோளைச் சரிசெய்வதென்றால் கையையே பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். சாதாரணச் சட்டைக்கு அந்தக் கூலி கட்டுபடியாகாது. கைமுனை மணிக்கட்டு எலும்போடு நிற்கட்டும். மார்புப் பொத்தான்களுக்கு நடுவே லேசாக விரிந்தால் உள்பக்கம் ஒரு பிரஸ் பட்டன் தைத்துக்கொள்ளலாம். துணியே இழுத்துப் பிடித்துக் கோடு விழுந்தால் வேறு வெட்டில் தைத்த சட்டையைத் தேடுங்கள்.

வெள்ளைச் சட்டைத் துணியின் தரத்தை அறிய விலைச்சீட்டு உதவாது. துணியை மடிக்காமல் அதன் பின்னால் உள்ளங்கையை வைத்து விளக்கின் கீழ் பாருங்கள். ரேகை தெரிந்தால் உள்ளாடையும் தெரியும். ட்வில் நெசவில் சாய்வுக் கோடுகள் இருக்கும். சாய்வுக் கோடு இல்லாத மெல்லிய பாப்ளின் துணியைவிட அது பொதுவாகக் கனமாக விழும், சீக்கிரம் கசங்காது. உள்ளே வெள்ளைக்குப் பதில் உங்கள் தோலின் நிறத்தை ஒட்டிய உள்ளாடை அணிந்தால் வெளியே தெரியாது. "இஸ்திரி தேவையில்லை" என்று விற்கும் பருத்திச் சட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒருவகை ரெசின் (பிசின் போன்ற வேதிப்பொருள்) பூச்சு கொடுத்திருப்பார்கள். கசங்காமல் இருப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பூச்சு நூலின் வலுவைக் குறைக்கும், சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்ளாது. வாங்குவதானால் முதலில் ஒன்று மட்டும் வாங்கி, துவைத்து, உடுத்திப் பாருங்கள்.

பலர் பணத்தை இழப்பது வாங்கிய பிறகு செய்யும் வேலைகளின் வரிசையில்தான். ஆல்டர் செய்த துணியையும் துவைத்த துணியையும் கடைகள் பொதுவாகத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே பில்லையும் விலைச்சீட்டையும் அப்படியே வைத்துக்கொண்டு வீட்டில் போட்டுப் பாருங்கள். நாற்காலியில் உட்காருங்கள், மேல் அலமாரிக்குக் கையை நீட்டுங்கள், குனிந்து எழுந்திருங்கள். சட்டை பேண்டைவிட்டு வெளியே வந்தால் நீளம் போதவில்லை, அன்றே மாற்றிவிடுங்கள். வைத்துக்கொள்வது என்று முடிவான பிறகு ஒருமுறை, பருத்தியானால் இரண்டு முறை துவைத்து, அதன்பின் தையற்காரரிடம் கொடுங்கள். சுருங்குவதற்கு முன்பே அளவு பிடித்தால், அடுத்த சலவையில் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிடும். பேண்டுக்கு அளவு கொடுக்கப் போகும்போது அலுவலக ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள். ஓரத்தில் உள்மடிப்புத் துணி தாராளமாக இருக்கும் பேண்டை வாங்கினால் பின்னால் நீளத்தைக் கூட்டவும் முடியும்.

கறுப்பு பாலியெஸ்டர் பேண்ட் நேரடி இஸ்திரிச் சூட்டில் பளபளக்கத் தொடங்கும்; அந்தப் பளபளப்பு நல்ல பேண்டையும் பழசாக்கிக் காட்டும். உள்பக்கத்தைத் திருப்பியோ, மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டோ தேயுங்கள்.

இரண்டாவது பெரிய செலவு ஷூ. மேசைக்கு முன்னால் எழுந்து நின்று பேசும்போது அது கண்ணில் படும். உயரமான ஹீல்ஸ் உடல் எடையை முன்பாதத்தில் தள்ளுகிறது. பகல் முழுவதும் நிற்பவர் நடை மாறிவிடும், தடுமாறும் நடை முதிர்ச்சியைக் காட்டாது. 3 செ.மீ. அளவில் அகலமான குதி போதும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து, இரண்டு கால்களில் பெரியதற்கு ஏற்ற அளவை எடுங்கள். தோல் ஷூ என்றால் ஒரே ஜோடியைத் தினமும் போடாமல், வியர்வை உலர ஒரு நாள் இடைவெளி கொடுங்கள். நீண்ட நாள் உழைக்கும்.

கோட் வாங்கும் காலம் வரும்போது பேண்டுடன் சேர்த்து ஒரே துணியில் வாங்குங்கள். கறுப்பு எல்லாம் ஒன்றல்ல. கடை விளக்கில் பொருந்தியது பகல் வெளிச்சத்தில் ஒன்று செம்மையாகவும் மற்றது பச்சையாகவும் தெரியலாம். சலவைக்கும் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். பவர் இல்லாத கண்ணாடிக்குச் செலவு செய்யாதீர்கள். உண்மையில் பவர் இருந்தால் பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சுள்ள லென்ஸ் வாங்குங்கள். எதிரில் இருப்பவருக்கு உங்கள் கண்கள் தெளிவாகத் தெரிய வேண்டும்.

கடைக்குப் போவதற்கு முன்பே செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. பெயர் அட்டையில் உங்கள் பதவியையும் பெரிய எழுத்தில் அச்சிடும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். உங்களை யார் என்று அறியாமல் கேட்பவருக்கு அதுவே நேரான பதில். ஆடைப்படி, அதாவது உடை வாங்க நிர்வாகம் தரும் தொகை, உண்டா என்றும் கூடவே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் ஆண், 23 வயது. தாடி, மீசைக்கு அனுமதி இல்லை. சட்டையையும் டையையும் அலுவலகமே தருகிறது. நான் வாங்குவதற்கு என்ன மிச்சம்?

பதில்: கொடுத்த சட்டையை உங்கள் அளவுக்குப் பிடித்துக்கொள்ள எழுத்தில் அனுமதி கேளுங்கள். பின்னால் அலுவலகத்திடம் திருப்பித் தர வேண்டிய சட்டையென்றால், துணியை வெட்டாமல் தையல் மட்டும் போடச் சொல்லுங்கள். காலர் கழுத்தைச் சுற்றித் தொங்கினால் எந்த டையும் அதை மறைக்காது. மேல் பொத்தானைப் போட்ட பிறகு இரண்டு விரல் நுழையும் இடம் போதும், அதற்கு மேல் இருந்தால் சின்ன அளவு கேளுங்கள். டையின் முனை பெல்ட் பக்கிளைத் தொட்டு நிற்கட்டும். ஷூவும் பெல்ட்டும் ஒரே நிறத்தில் இருக்கட்டும். கல்லூரிக் காலத்து முதுகுப் பையை மாற்றுங்கள். சின்னமும் தொங்கும் வார்களும் இல்லாத கைப்பிடிப் பை ஒன்றே உங்கள் தொகைக்கு நல்ல செலவு.