வாசகர் கேள்வி - பதில்: பொன்வழியும் கொடுங்கோலும்

கேள்வி: 'டியூன்' நாவல் வரிசையில் வரும் இறைப்பேரரசன் இரண்டாம் லீட்டோ, மனிதகுலம் அழியாமல் காப்பதற்காகவே 3,500 ஆண்டுகள் மக்களை ஒடுக்கி ஆள்கிறான். அவனை நல்லவன் என்பதா, கொடுங்கோலன் என்பதா? நண்பர்களோடு பலமுறை வாதிட்டும் முடிவுக்கு வர இயலவில்லை.

பதில்: கொடுங்கோலன் என்றே சொல்வேன். அவனும் அந்தப் பெயரை மறுப்பதில்லை. தான் செய்வது கொடுமை என்று தெரிந்தே செய்கிறான். உங்கள் வாதம் முடியாமல் நீள்வதற்குக் காரணமும் அதுவாகவே இருக்கலாம்.

ஃபிராங்க் ஹெர்பர்ட் 1981இல் எழுதிய நான்காம் நாவலில், வருங்காலத்தைக் காணும் ஆற்றல் பெற்ற லீட்டோ, மனிதர்கள் அனைவரும் ஒரே பேரரசுக்குள், அராக்கிஸ் கோளில் மட்டுமே கிடைக்கும், விண்வெளிப் பயணத்துக்கு இன்றியமையாத ஸ்பைஸ் என்ற ஒரே பொருளை நம்பி வாழும்வரை ஒரே அடியில் பூண்டோடு அழியக்கூடும் என்று அஞ்சுகிறான். அந்த அழிவிலிருந்து தப்பும் பாதைக்குப் 'பொன்வழி' என்று பெயர். அதற்காகச் சிறுவனாக இருந்தபோதே, அந்தக் கோளின் பாலைவனத்தில் வாழும் ராட்சத மணற்புழுவின் இளம் பருவ உயிர்களைத் தன் தோலாக ஏற்று, நூற்றாண்டுகள் போகப்போக மனித உருவை இழந்து புழுவாகிறான். ஸ்பைஸைத் தன் கையிருப்பிலிருந்து அளந்து கொடுக்கிறான், பயணங்களைத் தடுக்கிறான், ஊர் விட்டு ஊர் போகாத ஓர் அமைதியை மக்கள்மீது சுமத்துகிறான். இனி எவனுக்கும் அடங்குவதில்லை என்ற வெறுப்பு அவர்களின் எலும்பு வரை இறங்க வேண்டும், தன் பிடி விலகிய அன்றே அவர்கள் எட்டாத தொலைவுகளுக்குச் சிதற வேண்டும் என்பது அவன் திட்டம்.

இதில் பெரும் தியாகம் இருக்கிறது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அவனை நல்லவன் என்று சொல்லும் நண்பர், அந்தப் பேரரசின் குடிமக்களில் ஒருவரும் நின்றிராத இடத்தில் நின்று பேசுகிறார். லீட்டோவின் அந்தரங்கக் குறிப்புகளை நாவலாசிரியர் நம் கையில் கொடுத்துவிடுகிறார். அவன் மண்டைக்குள் அமர்ந்து அவன் கண்ட அழிவை நாமும் காண்கிறோம். உழைத்துக் களைத்துக் கிடக்கும் குடிமகனுக்கு அந்த வசதி இல்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், தன் வாழ்நாள் முழுவதையும் எடுத்துக்கொண்ட ஒருவன் அதற்குச் சொல்லும் காரணத்தைச் சரிபார்க்க வழியே இல்லை என்பதுதான். ஆபத்தைக் கண்டவனும், மருந்தைத் தீர்மானித்தவனும், அதை ஊட்டியவனும் ஒருவனே என்றால், அவன் சொல்வது முழு உண்மையாக இருந்தாலும் அதற்கு அவனைத் தவிர வேறு சாட்சி இல்லை.

என்னை மிகவும் வருத்துவது டங்கன் ஐடஹோவின் கதை. லீட்டோ பிறந்த அட்ரெய்டிஸ் குடும்பத்தின் பழைய விசுவாசியான அவனை, இறந்தவனின் உயிரணுக்களிலிருந்து மீண்டும் மீண்டும் உருவாக்கித் தரச் செய்கிறான் லீட்டோ. அந்த மனிதனின் நேர்மை அவனுக்குத் தேவைப்படுகிறது. ஆனால் அந்த நேர்மையே ஒருநாள் இந்த ஆட்சியைச் சகிக்க முடியாமல் ஆயுதம் எடுக்கும்போது, அந்த டங்கன் கொல்லப்படுகிறான். அடுத்தவன் வந்து சேர்கிறான். மனசாட்சியை அருகிலேயே வைத்திருக்க விரும்புகிறவன், அது பேசத் தொடங்கியதும் அதை மாற்றிக்கொள்கிறான். பொன்வழிக்கு இது எவ்வகையில் அவசியம் என்று எத்தனை முறை யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

வெளியாள் ஒருத்திக்கு அவன் உண்மையைக் காட்டும் இடமும் உண்டு. கலகக்காரி சியோனாவைப் பாலைவனத்துக்கு அழைத்துச் சென்று, வரப்போகும் அழிவை அவளே காணும்படி செய்கிறான். அவள் காண்கிறாள், நம்புகிறாள். அப்படியும் அவன்மீதுள்ள வெறுப்பை விடவில்லை. நோக்கத்தை ஒப்புக்கொண்டு ஆள்பவனை ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம் என்பதை அவள் காட்டுகிறாள். நான் நிற்பதும் அவள் பக்கமே.

கேள்வி: அப்படியானால் அந்தப் பாதையை ஏற்க மறுத்த தந்தை பால் அட்ரெய்டிஸ் மகனைவிட உயர்ந்தவன் அல்லவா?

பதில்: அல்ல. 1969இல் வந்த இரண்டாம் நாவலில், தன் பெயரால் நடந்த புனிதப்போரில் 6,100 கோடிப் பேர் மாண்டதைப் பாலே கணக்கிட்டுச் சொல்கிறான். செங்கிஸ்கான், ஹிட்லர் ஆகியோரின் வரலாற்றை நண்பன் ஸ்டில்கரிடம் அவன் எடுத்துரைக்கும்போது, அந்த எண்ணிக்கைகள் ஸ்டில்கருக்குச் சிறியவையாகத் தோன்றுவது, படிக்கும் எவரையும் உறைய வைக்கும். பால் மனம் நொந்தவன். அவன்மீது எனக்கு இரக்கம் உண்டு. ஆயினும் போரை நிறுத்த இயலாமல், அடுத்த சுமையை ஏற்கவும் துணியாமல், கண்ணிழந்து பாலைவனத்துக்குள் நடந்துபோகிறான். அவன் இறக்கிவைத்ததை எடுத்துச் சுமந்தவன் ஒரு சிறுவன்.

கேள்வி: லீட்டோவின் மரணம் அவனுக்குத் தோல்வியா?

பதில்: வருங்காலம் அறிந்தவர் கண்ணுக்கும் புலப்படாத மனிதர்களை உருவாக்கப் பல தலைமுறைகளாக அவன் முயன்றதன் விளைவுதான் சியோனா. அவளுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று தன் பக்தையான நைலாவுக்கு அவனே ஆணையிட்டிருந்தான். சியோனா சொன்னதும் நைலா பாலத்தைத் தகர்க்கிறாள், அவன் ஆற்றில் விழுகிறான். நீர் அவன் உடலுக்கு நஞ்சு. மக்கள் விண்வெளியெங்கும் சிதறிப்போனதைப் பார்த்தால், அவன் எண்ணம் நிறைவேறியது என்றே கொள்ள வேண்டும். அவனை மணக்கவிருந்த, யாருக்கும் தீங்கு நினையாத ஹ்வி நோரியும் அதே பாலத்திலிருந்து விழுந்து இறந்தாள். அவன் உடல் மணற்புழுவின் குஞ்சுகளாகச் சிதைந்து ஆற்றோடு போனது. அவை ஒவ்வொன்றிலும் அவனுடைய உணர்வின் ஒரு முத்து எஞ்சியிருந்தது.