இடக்குறியைத் தொட்டதும் மதிப்புரைப் பலகை வரைபடத்தை மறைத்துவிடுவது பற்றி

உங்கள் வரைபடச் செயலியில் ஓர் இடத்தைக் காட்டும் குறியைத் தொட்டதும் எழும் மதிப்புரைப் பலகை வரைபடத்தை மறைப்பதால், மதிப்புரைகளைத் தனித் திரைக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். கீழிருந்து எழும் பலகையையே மூன்று உயரங்களில் நிற்கும்படி அமையுங்கள். இடக்குறியைத் தொட்டதும் பெயர், சராசரி மதிப்பெண், மதிப்புரைகளின் எண்ணிக்கை ஆகியவை மட்டும் தெரிந்தால் போதும். பாதித் திரையும் முழுத் திரையும் பயனர் விரும்பி இழுக்கும்போது வரட்டும். தனித் திரைக்குப் போனால், அருகிலுள்ள இடங்களை ஒப்பிடும் வாய்ப்பே போய்விடும்; வரைபடச் செயலியின் உயிர் அந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

தொட்ட குறி பலகைக்கு அடியில் மறைவதாக எழுதியிருந்தீர்கள். வரைபடத்தின் மையம் முழுத் திரையையும் வைத்துக் கணக்கிடப்படுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். செயலிக்குள் வரைபடத்தைச் சேர்க்க உதவும் கூகுள் மேப்ஸ் எஸ்டிகே என்ற மென்பொருள் தொகுப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், பலகையின் உயரத்தை வரைபடத்தின் கீழ்ப்பக்க பேடிங்காக, அதாவது விளிம்பில் ஒதுக்கும் இடமாக, கொடுங்கள். மையம் கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு நகர்வதோடு, மறையக் கூடாத கூகுள் சின்னமும் மேலே ஏறிவிடும்.

சிறிய திரையுள்ள கைப்பேசியில், திரையின் கீழ்க் கால்பகுதியில் உள்ள ஒரு குறியைத் தொட்டுச் சோதியுங்கள். பலகையை மூடியபின், பயனர் வைத்திருந்த அதே பெரிதாக்க அளவு மாறாமல் இருக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. இழுத்தால் மட்டுமே பலகை விரியும் என்று வைத்துவிடாதீர்கள். விரல் நடுக்கம் உள்ளவர்களால் அது இயலாது. இணைய உள்ளடக்கத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான வழிகாட்டு நெறிகளான டபிள்யூசிஏஜியின் 2023இல் வெளியான 2.2 பதிப்பு, இழுக்கும் செயலுக்கு மாற்றாக, இழுக்காமல் ஒரு விரலால் தொட்டே முடிக்கும் வழியையும் கேட்கிறது. ஆகவே விரிக்கும் பொத்தான் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.