மூட்டு வலியுள்ள அம்மாவுடன் ஹுவாங்ஷான்: என் யோசனை

வணக்கம் நண்பரே. அக்டோபர் கடைசியில் சீனாவின் ஹுவாங்ஷான் மலைக்கு மூட்டு வலியுள்ள அம்மாவுடன் போய், ஒரே நாளில் சிகரம், பள்ளத்தாக்கு, அருவி மூன்றையும் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். மூன்றும் வேண்டாம். அருவியை விட்டுவிடுங்கள். ஜூன், ஜூலை மழையில்தான் அங்கே அருவிகள் பொங்கும், இலையுதிர் காலத்தில் மெலிந்துவிடும்.

1,864 மீட்டர் உயரமுள்ள தாமரைச் சிகரமும் வேண்டாம். செங்குத்தான கல்படிகள், இறங்கும்போது முழங்கால் தாங்காது.

யுங்கு கேபிள் காரில் ஏறி, நிதானமாக 1,860 மீட்டர் உயரத்திலுள்ள குவாங்மிங்திங் சிகரத்துக்குப் போங்கள். கிட்டத்தட்ட அதே உயரம், ஆனால் உச்சி அகலமானது, உட்கார்ந்து பார்க்கலாம். அப்புறம் தியன்ஹாய் என்ற இடத்தின் பக்கம் போய், மேற்குக்கடல் என்ற பெயருள்ள பள்ளத்தாக்குக்குள் இறங்கும் மலை ரயிலில் போய் அதிலேயே திரும்பிவிடுங்கள். பாறை இடுக்கில் வேர்விட்ட பைன் மரங்களை அம்மா நடக்காமலே பார்ப்பார். குளிர்காலத்தில் அந்த ரயிலை நிறுத்திவிடுவார்கள், அதனால் பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேபிள் கார் இருந்தாலும் இடையிடையே படிகள் உண்டு. முடியாவிட்டால் பல்லக்கு தூக்குபவர்கள் இருக்கிறார்கள், கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். முடிந்தால் மலைமேல் ஒரு இரவு தங்குங்கள். அம்மாவுக்கு அவசரமே இருக்காது.