'மிதக்க உதவும்' என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்க இந்தக் குளிர்காலத்தில் முதல்முறையாகப் போகிறேன். உடம்பு முழுக்க மூடும் குளிர்கால சூட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 'மிதக்க உதவும்' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. இதை வாங்கினால் லைஃப் ஜாக்கெட் தனியாக வேண்டாம்தானே?

பதில்: அட்டையை விடுங்கள். ஜாக்கெட்டைத் திறந்து உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். 'மிதக்க உதவும்' என்பது விற்பவரின் சொல். குளிருக்காக வைத்த திணிப்பு கொஞ்சம் காற்றைப் பிடித்து வைத்திருக்கும், அதனால் கொஞ்ச நேரம் மிதக்கலாம். எவ்வளவு நேரம், எவ்வளவு எடை என்று வெளியார் யாரும் சோதித்துப் பார்த்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சான்று பெற்ற சூட் என்றால் லேபிளில் ஐஎஸ்ஓ 12402-5 என்ற சர்வதேசத் தர எண் இருக்கும். அமெரிக்கச் சந்தைக்கானது என்றால் அந்நாட்டுக் கடலோரக் காவல்படையின் அங்கீகார எண் இருக்கும். சில சூட்களில் ஐஎஸ்ஓ 15027-1 என்றும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். முன்னது மிதப்புக்கு, பின்னது குளிர்நீரில் உடல் வெப்பத்தைக் காப்பதற்கு. இரண்டும் இருக்கும் சூட் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

12402-5 வகையில் '50 நியூட்டன்' என்று பார்ப்பீர்கள். ஏறக்குறைய 5 கிலோவைத் தூக்கிப் பிடிக்கும் விசை அது. எழுபது எண்பது கிலோ ஆளுக்கு ஐந்து கிலோ எந்த மூலைக்கு என்று தோன்றும். தண்ணீருக்குள் உடம்பின் எடையில் பெரும்பகுதியைத் தண்ணீரே சுமந்துவிடுகிறது. தலையை மேலே நிறுத்தத்தான் இந்த ஐந்து கிலோ. ஆனால் ஒன்று, மயங்கிக் குப்புறக் கிடப்பவரை இது மல்லாக்கத் திருப்பிப் போடாது. நினைவோடு இருப்பவருக்கான துணை இது. அதனால் சூட் இருக்கிறதே என்று தனியாகப் போகாதீர்கள்.

கேள்வி: எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். இவ்வளவு கனமான சூட் அவசியமா?

பதில்: நீச்சல் தெரிந்தவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் குளிர் உடம்பை என்ன செய்கிறது என்று ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரைப் பற்றி 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார். விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு நம் வசத்தில் இருக்காது. சில்லென்று பட்டதும் வாய் தானாகத் திறந்து 'ஹா' என்று இழுக்கும். அந்த நேரத்தில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது காற்றல்ல. அடுத்த 10 நிமிடம்தான் கையும் காலும் சொன்னபடி கேட்கும். அதன்பின் விரல் மடங்காது, நீச்சல் தெரிந்தும் பயனில்லை. உடல் சூடு இறங்கி நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகலாம். அந்த ஒரு மணி நேரம் வரை பலர் போவதே இல்லை, முதல் சில நிமிடங்களிலேயே மூழ்கிவிடுகிறார்கள். சூட் முகத்தை மேலே வைத்து அந்த முதல் நிமிடத்தைக் கடக்க வைக்கிறது. நீச்சலெல்லாம் அதற்கப்புறம்.

மேலே ஏற, வந்த வழிப் பக்கமே திரும்புங்கள். உங்களைத் தாங்கிய ஐஸ் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. கழுத்தில் தொங்கவிடும், கைப்பிடி வைத்த கூரான இரண்டு குத்தூசிகளால் ஐஸைக் குத்திப் பிடித்து, காலை உதைத்து வயிற்றால் சறுக்கி ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டே தள்ளிப் போக வேண்டும். சூட் வாங்கும் அன்றே அந்தக் குத்தூசிகளையும் வாங்கிவிடுங்கள், அவை பைக்குள் இருந்தால் பிரயோஜனம் இல்லை.

கேள்வி: ஒரே துண்டு நல்லதா, ஜாக்கெட்டும் பேண்டும் தனித்தனியா?

பதில்: தண்ணீருக்குள் ஒரே துண்டுதான் நல்லது. ஜாக்கெட் மேலே ஏறாது, இடுப்பு வழியாகத் தண்ணீர் புகுந்து வெளியேறிக்கொண்டே இருக்காது. ஆனால் நாள் முழுக்கப் போட்டிருக்க இரண்டு துண்டுதான் வசதி, கழிப்பறை விஷயத்தை நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு துண்டு என்றால் கால் இடுக்கு வழியாகப் போட்டு மாட்டும் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அதை மாட்டாமல் ஒருமுறை நீச்சல்குளத்தில் இறங்கிப் பார்த்தேன். ஜாக்கெட் மட்டும் மேலே எழும்பி, காலர் என் மூக்கை மூடியது. வாங்கியதும் நீங்களும் ஆழம் குறைந்த நீரில், பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு சோதித்துவிடுங்கள்.

அளவு எடுக்கும்போது உள்ளே போடப்போகும் கம்பளியோடு போட்டுப் பாருங்கள். அப்புறம், சாமான் ஏற்றிய சறுக்கு வண்டியை இழுத்துக்கொண்டு நடக்கும்போது வியர்க்கிறது என்று ஜிப்பைத் தொப்புள் வரை இறக்கிவிடுவோம் அல்லவா, விழுவதும் பெரும்பாலும் அந்த நடையில்தான். திறந்த ஜிப்போடு விழுந்தால் குளிர்ந்த நீர் நேரே நெஞ்சுக்குப் போகும். உள்ளே ஒரு சட்டையைக் குறைத்துக்கொண்டு ஜிப்பை மூடியே நடங்கள்.

ஐஸ் மேல் காரில் போவதானால் மட்டும் சூட்டைக் கழற்றி வைக்க வேண்டும். வண்டி மூழ்கினால் மிதக்கும் சூட் உங்களைக் கூரையோடு ஒட்டவைத்துவிடும்.

கேள்வி: தானாகக் காற்று நிரம்பும் லைஃப் ஜாக்கெட் என்னிடம் இருக்கிறது. கனமான கோட்டுக்குள் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. அது உப்பும்போது கோட்டு இடம் கொடுக்காது, நெஞ்சைத்தான் அழுத்தும். போடுவதானால் கோட்டுக்கு மேலே போடுங்கள். கடும் குளிரில் அதன் சிலிண்டர் வாயு மெதுவாகத்தான் நிரம்பும் என்பதால் ஐஸுக்கு நுரை வைத்த சூட்டையே சொல்வேன்.

கேள்வி: பழைய சூட் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: நுரையை இரண்டு விரலால் கிள்ளி விடுங்கள். உடனே பழைய தடிமனுக்கு வர வேண்டும். பள்ளம் அப்படியே நின்றாலோ, லேபிள் அழிந்து படிக்க முடியாமல் இருந்தாலோ, பாதி விலைக்கும் வேண்டாம். சரியாக இருந்தால் வாங்கி, கையால் அலசி நிழலில் தொங்கவிடுங்கள். டிரையரில் போட்டுவிடாதீர்கள், கனமான சாமான்களுக்கு அடியில் மடித்தும் வைக்காதீர்கள்.